சுபாவமா, பழக்கமா? உங்கள் வீட்டு வாக்கியம் தேவை

வணக்கம். இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் பயிற்சித்தாளுக்கு உதவி வேண்டும். பிறவியிலேயே வந்ததா, பழகி வந்ததா என்று எதைக் கேட்டாலும் ‘பழக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘அது அவன் பழக்கம்’ என்று பேச்சில் பிறவிக் குணத்தையும் சேர்த்தே சொல்வதால் வரும் குழப்பம் இது. அன்று முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு யாரும் காட்டாமலே தரையைக் கொத்துவது இயல்பூக்கம். ‘பா பா’ என்றதும் ஓடிவருவது பழக்கம். ‘சுபாவம்’ குணத்துக்கு மட்டும்: ‘சுபாவத்திலேயே கூச்சம்’. கண்ணின் நிறத்துக்கு அது வராது, அங்கே ‘பரம்பரை’தான். ‘இயல்பு’ இரண்டு பக்கமும் போகும். 452ஆம் குறளில் நிலத்தின் இயல்பால் நீர் மாறுகிறது, சேரும் இனத்தின் இயல்பால் அறிவு மாறுகிறது. ஆகவே ‘பிறவிக் குணம்’ என்று மட்டும் பொருள் எழுதினால் பிழை. ‘வாசனை’ என்பது முற்பிறவியிலிருந்து தொடர்ந்து வரும் குணம் என்ற கணக்கு, விஞ்ஞானப் பாடத்துக்கு ஆகாது.

ஹட்டன், பதுளை, மாத்தளைப் பக்கத்து அண்ணன்மாரே, அக்காமாரே, தாத்தாவின் முன்கோபம் பேரனிடம் அப்படியே இருந்தால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) என்ன சொல்வார்கள்? முழு வாக்கியமாக, சொல்பவரின் வயதையும் மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். முட்டுகிற மாட்டின் கன்றுக்கும் அதே சொல்லா என்பதும் தெரிய வேண்டும். பழமொழிகள் வேண்டாம், ‘தாயைப் போல பிள்ளை’ ஏற்கனவே குவிந்து கிடக்கிறது.