ஒற்றைக் கொண்டைக் குஞ்சைக் கழிப்பதா, வைத்துக்கொள்வதா?

சரிகை:
வெள்ளிச் சரிகை வயண்டாட் கோழி வளர்க்கிறேன் (வெள்ளை இறகுக்குச் சரிகைபோல் கறுப்பு விளிம்பு), இது மூன்றாம் வருடம். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய சேவலை, அதோடு கூடப்பிறந்த நான்கு பெட்டைகளுடன் விட்டு 24 முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் கருப்பிடிக்காத கூமுட்டை 8, கரு பாதியில் செத்த ரத்த வளையம் 3 முட்டையில். மிச்சம் 13. பொரிந்தது 9. பொரியாத நான்கையும் உடைத்துப் பார்த்தேன். நான்கிலும் முழுதாக வளர்ந்த குஞ்சு, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகைக்கூட நுழைக்காமல் செத்துக் கிடந்தது. மனசே ஆறவில்லை.

கேள்வி வேறு. ஒன்பதில் 2 குஞ்சுக்கு ஒற்றைக் கொண்டை, ரம்பப் பல்போல் ஒரே வரிசையாக நிற்பது. வயண்டாட் என்றால் தலையோடு தட்டையாகப் படிந்த ரோஜாக் கொண்டைதான், தெரியும். ஆனால் அந்த இரண்டில் ஒன்றுதான் மொத்தக் கூட்டத்திலும் பெரியது, துடியானது. முதலில் ஓட்டை உடைத்ததும் அதுதான். கழித்துவிடவா?

நிறைகோல்:
கழித்துவிடுங்கள் தம்பி. கழிப்பது என்றால் கொல்வது இல்லை. இணை சேர்க்கும் கூட்டத்திலிருந்து விலக்குவது. முட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நன்றாக இடும்.

காரணம் சொல்கிறேன். கோழி இனங்களின் லட்சணங்களை வரையறுக்கும் அமெரிக்க ஸ்டாண்டர்டு புத்தகம் முதன்முதலில் அச்சானது 1874இல். வெள்ளிச் சரிகை வயண்டாட் அதில் இடம்பிடித்தது 1883இல். அன்றிலிருந்து ஒற்றைக் கொண்டை இருந்தால் நடுவர் மற்ற எதையும் பார்க்க மாட்டார், நேரே தகுதி நீக்கம்தான். அந்த விதியை நாம் கொஞ்சம் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு ரோட் ஐலண்ட் ரெட் கோழியைப் பாருங்கள். 1904இல் ஏற்கப்பட்ட இனம். வளர்ந்த சேவல் 3.9 கிலோ, செங்கல்லை நீளவாக்கில் வைத்ததுபோல் உடம்பு, கிட்டத்தட்டக் கறுப்பு என்று சொல்லும் அளவுக்கு ஆழ்ந்த சிவப்பு. பெரிய பொரிப்பகங்கள் முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பொறுக்கின. இன்று அதே பெயரில் விற்கும் பல கோழிகள் எடையில் சிறியவை, நிறம் வெளுத்தவை, உடல்வாகே வேறு. பெயரைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ‘இது ஒன்றுதானே, போகட்டும்’ என்று தலைமுறைக்கு ஒன்றாக விட்டார்கள், அவ்வளவுதான்.

அடைக்கோழி:
நிறைகோல் அண்ணா சொன்ன ரோட் ஐலண்ட் கதையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வயண்டாட்டில் ஒற்றைக் கொண்டை குஞ்சைக் குருட்டுத்தனமாகக் கழிப்பது இனத்துக்கே கேடு.

கொண்டை ஜீன் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என்று வரும்; ரோஜாக் கொண்டைக்கு ஒரு பிரதியே போதும். ரோஜாக் கொண்டை ஜீன் இரண்டு பிரதி சேர்ந்த சேவலுக்கு விந்தணுவின் ஓட்டம் குறைவு, கருப்பிடிப்பும் குறைவு. ஒரே பிரதி உள்ள சேவலுக்கும் ஒற்றைக் கொண்டைச் சேவலுக்கும் அந்தக் குறை கிடையாது. பெட்டைகளை இது பாதிப்பதே இல்லை. ரோஜாக் கொண்டை இனங்களில் ஒற்றைக் கொண்டை குஞ்சு இத்தனை காலமாக அற்றுப்போகாமல் தலைகாட்டுவதற்கே இதுதான் காரணம்: ஒற்றைக் கொண்டை ஜீனைச் சுமக்கும் சேவல்கள்தான் அதிகக் குஞ்சுக்குத் தகப்பன் ஆகின்றன.

24இல் 8 கூமுட்டை என்று தம்பி சொல்கிறார். சுவர் இருந்தால்தான் சித்திரம். பாரம்பரிய இனம் என்பதற்கு அமெரிக்காவின் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி என்ற கால்நடை இனப் பாதுகாப்பு அமைப்பு வைத்திருக்கும் வரையறையையும் பாருங்கள்: இயற்கையாக இணை சேர வேண்டும், பெட்டை 5 முதல் 7 வருடம், சேவல் 3 முதல் 5 வருடம் பலன் தர வேண்டும், வளர்ச்சி நிதானமாக இருக்க வேண்டும். கண்காட்சி மேசையில் அழகாக நின்றுவிட்டு முட்டையைக் கூமுட்டையாக்கும் சேவல் அந்த வரையறைக்குள் எப்படி வரும்?

நிறைகோல்:
அடைக்கோழி அக்கா, ஜீன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இந்த 8 கூமுட்டைக்கு அது பொருந்தாது. கணக்கைப் பாருங்கள். ஒற்றைக் கொண்டை குஞ்சு பிறக்க வேண்டுமென்றால் தாய், தகப்பன் இருவரும் ஒற்றைக் கொண்டை ஜீனைச் சுமக்க வேண்டும். அதாவது இந்தச் சேவலிடம் ரோஜாக் கொண்டைக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் குறை அதற்கு இருக்க வழியே இல்லை. கொண்டையின்மேல் பழி போட்டால் உண்மையான காரணம் தப்பித்துக்கொள்ளும்.

சரிகை, மூன்று கேள்வி. வயண்டாட்டுக்குப் பின்பக்க இறகு அடர்த்தி. சேவலுக்கும் பெட்டைக்கும் கழிவாயைச் சுற்றி இறகை வெட்டிவிட்டீர்களா? முட்டையை எத்தனை நாள் சேர்த்தீர்கள்? சேவலை விட்ட எத்தனையாவது நாள் முட்டை எடுக்க ஆரம்பித்தீர்கள்?

சரிகை:
வெட்டவில்லை அண்ணா. வெட்டினால் இறகின் அழகு கெட்டுவிடும் என்று யோசித்தேன். முட்டை 12 நாள் சேர்த்தது. சேவலை விட்ட பத்து நாளில் எடுக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் அந்தக் கூண்டில் வேறு சேவல் இருந்தது, அதுவும் என் வெள்ளிச் சரிகைதான்.

நிறைகோல்:
அப்படியானால் இன்னொரு சிக்கல். பெட்டையின் உடலுக்குள் விந்து இரண்டு, மூன்று வாரம் உயிரோடு தங்கும். சேவலை மாற்றினால் மூன்று வாரம் கழித்து எடுத்த முட்டையைத்தான் நம்பி வைக்கலாம். அந்த ஒற்றைக் கொண்டை குஞ்சுகளின் தகப்பன் பழைய சேவலாகவும் இருக்கலாம். அது உறுதியாகும் வரை பரிசுச் சேவலுக்கு ஒரே பிரதிதான் என்று நான் சொன்னதையும் நிறுத்திவைக்கிறேன். அக்காவின் வாதத்துக்கு இன்னும் இடமிருக்கிறது.

12 நாளும் அதிகம். ஒரு வாரம் தாண்டினாலே பொரிப்பு இறங்க ஆரம்பிக்கும்.

ஈரமானி:
கூமுட்டையை நீங்கள் பேசுங்கள், நான் அந்த நான்கு செத்த குஞ்சைப் பற்றிப் பேசுகிறேன். முழுதாக வளர்ந்து, காற்றறையைத் தொடாமல் சாவது பல நேரம் ஈரம் கூடிப்போனதால்தான். முட்டையிலிருந்து போதிய நீர் வெளியேறவில்லை, காற்றறை சிறுத்துவிட்டது, குஞ்சுக்கு மூச்சுவிட இடமில்லை.

தராசு ஒன்று வையுங்கள். 18 நாளில் முட்டை 11 முதல் 14 சதவீதம் எடை இழக்க வேண்டும். 60 கிராம் முட்டை 18ஆம் நாள் 52 கிராம் பக்கம் நிற்க வேண்டும். 56 காட்டினால் ஈரத்தைக் குறைக்கும் நேரம் எப்போதோ போய்விட்டது. பென்சிலால் முட்டையின் மேல் எடையை எழுதி, ஆறு நாளைக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் போதும். ஈரம் காட்டும் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். சின்ன மூடியில் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு ஒரு டப்பாவில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 66 காட்டியது. அதை நம்பிக்கொண்டு ஒரு வருடம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குஞ்சுகளை மூழ்கடித்திருக்கிறேன்.

அடைக்கோழி:
நிறைகோல் அண்ணா சேவல் மாற்றிய நாளைப் பிடித்தது நல்ல கண். சரி, கொண்டை விஷயத்தைச் சற்றுத் தள்ளி வைக்கிறேன். ஈரமானி சொல்வதும் இருக்கலாம். ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை: கூடப்பிறந்ததைக் கூடப்பிறந்ததோடு சேர்த்தது.

அண்ணன் தங்கை இணையில் பிறக்கும் குஞ்சுக்கு உள்ளுறவு அளவு, அதாவது தாய்வழியும் தகப்பன்வழியும் ஒரே மூதாதையின் ஜீன் வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். பாட்டன் பாட்டிக்குள் உறவு இல்லை என்று வைத்துக்கொண்டாலே அவ்வளவு. உறவு நெருங்கினால் முதலில் அடிவாங்குவது நிறமோ கொண்டையோ இல்லை, பொரிப்புதான். மேசையில் அது தெரியாது. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம்.

இணைக் கூட்டத்தையும் பெரிதாக்க வேண்டும். ஒரு சேவல், பத்துப் பெட்டை என்று வைத்தால் தலைமுறைக்குச் சுமார் 14 சதவீதம் உள்ளுறவு ஏறும். பெட்டை அதே பத்து, சேவல் மூன்று என்றால் 5 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு சேவலுக்குக் கூடுதலாகத் தீவனம் போடுவதில் இத்தனை லாபம். ஆனால் நாமெல்லாம் என்ன செய்கிறோம்? பரிசு வாங்கிய ஒரே சேவலை மட்டும் வைத்துக்கொண்டு அதன் தம்பிகளைக் கொடுத்துவிடுகிறோம்.

நிறைகோல்:
இதை முழுதாக ஏற்கிறேன். தம்பிகளைக் கொடுத்த தப்பை நானும் செய்திருக்கிறேன். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, வேறு ரத்தம் வேண்டுமென்று எங்கிருந்தோ ஒரு சேவலை வாங்கி எல்லாப் பெட்டைகளோடும் விட்டுவிடாதீர்கள். பத்து வருடத்துச் சரிகை ஒரே பருவத்தில் கலைந்துபோகும். ஒரு பெட்டையைக் கொண்டுவந்து தனிக் கூண்டில் உங்கள் சேவலோடு வையுங்கள். அதன் மகள்களைப் பாருங்கள். தேறியதை மட்டும் உள்ளே விடுங்கள்.

புதுக்கூண்டு:
இடையில் ஒரு கேள்வி. ஓட்டை உடைத்துவிட்டு வெளியே வர முடியாமல் தவிக்கும் குஞ்சுக்கு உதவலாமா? போன வாரம் ஒன்று ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது.

அடைக்கோழி:
அவசரப்படாதே தம்பி. முதல் கீறல் விழுந்து 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, சவ்விலுள்ள ரத்தம் வற்றுகிறது. நீ முந்திக்கொண்டு ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் கொட்டும்.

ஈரமானி:
அதற்கு மேலும் ஆகி, சவ்வு காய்ந்து தோல்போல் ஒட்டிக்கொண்டால் தப்பு குஞ்சுடையது இல்லை, பொரிக்கும் நேரத்தில் ஈரத்தைக் குறையவிட்ட நம்முடையது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துச் சவ்வை இளக்கலாம். நான் உதவுவேன்.

நிறைகோல்:
உதவுங்கள். ஆனால் அதற்கு அடையாளம் போடுங்கள், இணைக்கு வைக்காதீர்கள். பொரிப்புதான் முக்கியம் என்பதில் நான் அடைக்கோழி அக்கா கட்சி.

அடைக்கோழி:
நன்றி அண்ணா. அப்புறம் அந்த ஒற்றைக் கொண்டைக்கு வருகிறேன், நான் இன்னும் விடவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒற்றைக் கொண்டையை மொத்தமாகக் கழித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒருநாள் எல்லாச் சேவலும் இரண்டு பிரதிச் சேவல் ஆகிவிடும். இன்று இல்லாத பிரச்சினை அன்று வரும். அந்தத் துடியான குஞ்சு பெட்டையாக வளர்ந்து, உடல்வாகும் சரிகையும் நன்றாக இருந்தால், இரண்டு பிரதி உள்ள சேவலோடு சேருங்கள். பிறக்கும் அத்தனைக்கும் ரோஜாக் கொண்டை, அத்தனை மகன்களுக்கும் ஒரே பிரதி. நடுவர் எதைக் குறை சொல்வார்?

நிறைகோல்:
நடுவர் சொல்ல மாட்டார், வாங்குபவர் சொல்வார். அந்த மகனையும் மகளையும் நீங்கள் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து அவர் கூண்டில் ஒற்றைக் கொண்டை குஞ்சு பிறக்கும். கலப்பினக் கோழியை விற்று ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். கண்ணால் பார்த்துப் பிரதி எண்ணிக்கையைச் சொல்ல முடியாது. பதிவேடு இல்லாதவர் கையில் உங்கள் யோசனை ஆபத்து.

அதனால் என் நிபந்தனை இது. ஒன்றே ஒன்று வைக்கலாம், அதுவும் பெட்டையாக இருந்தால். பொரிந்த அன்றே கால்விரல் சவ்வில் துளை போட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து நான்கு சவ்வு, 16 விதமாக அடையாளம் வைக்கலாம். அதன் பிள்ளைகளை யாருக்குக் கொடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடைக்கோழி:
நிபந்தனை நியாயமானது. சேவலாக இருந்தாலும் வைக்கலாம் என்பதுதான் என் கருத்து. அதை அடுத்த தடவை பேசலாம்.

சரிகை:
எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சாயங்காலமே இறகை வெட்டிவிட்டேன். பழைய சேவலை வேறு கொட்டகைக்கு மாற்றியாயிற்று. மூன்று வாரம் கழித்துத்தான் முட்டை எடுப்பேன், ஏழு நாளுக்கு மேல் சேர்க்க மாட்டேன். பரிசுச் சேவலின் தம்பி இரண்டு இன்னும் ஒரு நண்பரிடம் இருக்கின்றன, திரும்பக் கேட்டிருக்கிறேன். மீட்டர் இப்போது உப்போடு டப்பாவுக்குள் இருக்கிறது.

பெரிய ஒற்றைக் கொண்டைக்கு இடது காலின் வெளிச் சவ்வில் துளை போட்டேன். ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நேரே தீவனத் தட்டுக்கு ஓடிவிட்டது. நோட்டில் முதல் வரி அதுதான்.