உரிமையியல் நடைமுறைச் சட்டம் (CPC), ஆர்டர் 11: நோட்டீஸ் கொடுத்தும் வாடகைப் பேரேட்டைக் காட்ட மறுக்கிறார்கள்

கேள்வி:
பாகப்பிரிவினை வழக்கு, வாதி தரப்பு. பொதுச் சொத்தான 6 கடைகளின் வாடகையை வசூலிப்பவர் 1ஆம் பிரதிவாதியான அண்ணன். "பேரேட்டின்படி பங்கு கொடுத்தாகிவிட்டது" என்பது அவருடைய எதிருரை. பேரேட்டைப் பார்வையிட ரூல் 15 நோட்டீஸ் கொடுத்தோம், பதில் இல்லை. அவருடைய எதிர்வழக்காடலையே (வழக்கை எதிர்த்து வாதாடுவதை) நீக்கச் சொல்லி ரூல் 21 மனு போட்டோம், தள்ளுபடி. 32 இன்டராகேட்டரி கேள்விகளுக்கும் (எதிர்த்தரப்பு எழுத்தில் பதில் தர வேண்டியவை) அனுமதி இல்லை. சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

பதில்:
தள்ளுபடி சரிதான் சார். ரூல் 21 பாய்வது கோர்ட் உத்தரவை மீறியவர்மேல், நோட்டீஸை மதிக்காதவர்மேல் அல்ல. நோட்டீஸ் கிடைத்த 10 நாளுக்குள் அவர் ரூல் 17படி நேரம் குறித்துத் தந்திருக்க வேண்டும். தராததால் இப்போது, பார்வையிட உத்தரவு கேட்டு ரூல் 18 மனு. பிரேயரிலேயே (மனுவில் கேட்கும் பரிகாரத்திலேயே) எந்தெந்த ஆண்டுப் பேரேடு, எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுதுங்கள். "ஆவணங்களைக் காட்டவும்" என்று மொட்டையாக உத்தரவு வந்தால், ஒரு கட்டு ரசீதை நீட்டிவிட்டு அடுத்த வாய்தாவில் "காட்டிவிட்டோம்" என்பார்கள்.

எதிருரையில் சொல்லாத ஆவணங்களுக்கு, அவற்றை வெளிப்படுத்தச் சொல்லி ரூல் 12 மனு. இதற்கு அபிடவிட் (பிரமாணப் பத்திரம்) தேவையில்லை. உத்தரவானால் அவர்தான் படிவம் 5இல் பிரமாணம் செய்ய வேண்டும்: கையில் இருப்பவை, இருந்தும் காட்ட மறுப்பவை, முன்பு இருந்து இப்போது யாரிடமோ போனவை. "தொலைந்துவிட்டது" என்று பின்னால் கதை மாற்ற முடியாது.

உத்தரவை மீறினாலும் ரூல் 21 உடனே கிடைத்துவிடாது. வேண்டுமென்றே பிடிவாதமாக மீறியதைக் காட்ட வேண்டும் என்பது பப்பர் சூயிங் மெஷின் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. என் கணிப்பில் உங்களுக்குக் கைகொடுப்பது ரூல் 15தான். நோட்டீஸுக்குக் காட்டாத பேரேட்டை, தகுந்த காரணம் சொல்லாமல் அவர் தன் பக்கச் சாட்சியமாக்க முடியாது. அதைச் சாட்சிய ஆவணமாக மார்க் செய்ய வரும்போதே ஆட்சேபியுங்கள். நோட்டீஸும் அஞ்சல் ஒப்புகை அட்டையும் பத்திரம்.

மற்றொரு பதில்:
32 கேள்வி கேட்டால் ஏதாவது சிக்குமா என்று தூண்டில் போடுவதாகத்தான் கோர்ட் பார்க்கும். "வாடகைப் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்பது குறுக்கு விசாரணைக்கு உரியது. அதையே "2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை 3ஆம் எண் கடையின் மாத வாடகை எவ்வளவு? எந்த வங்கிக் கணக்கில் வரவானது?" என்று கேளுங்கள். எட்டுப் பத்துக் கேள்வி போதும், ஒவ்வொன்றும் ஒரு எழுவினாவோடு (கோர்ட் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினையோடு) பொருந்தட்டும். அனுமதி கிடைத்தால் 10 நாளில் அபிடவிட்டாகப் பதில் வர வேண்டும். மழுப்பினால், சரியாகப் பதில் சொல்ல உத்தரவு கேட்டு ரூல் 11 மனு.

கேட்டவர்:
நன்றி சார். பேரேடு ஆடிட்டரிடம் இருக்கிறது, நகல் வக்கீலிடம் கொடுத்ததால் ரகசியம் என்றும் சொல்கிறார்களே?

பதில்:
இரண்டுமே நிற்காது. கேட்டால் திருப்பி வாங்கக்கூடிய ஆவணம் அவர் அதிகாரத்தில் உள்ள ஆவணம்தான், ஆடிட்டர் வெறும் பாதுகாவலர். ரகசியப் பாதுகாப்பு வக்கீலோடு நடந்த ஆலோசனைக்கு. ஏற்கெனவே இருந்த பேரேடு வக்கீல் மேசைக்குப் போனதால் ரகசியமாகாது. பிடிவாதம் பிடித்தால், கோர்ட்டே வாங்கிப் பார்த்து முடிவு செய்யும்படி ரூல் 19(2)இல் கேளுங்கள்.

இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வாடகைதாரர்களிடம் உள்ள ரசீதுகளுக்கு ஆர்டர் 16 சம்மன் போடலாம். வங்கிப் பதிவுகளுக்கு 1891ஆம் ஆண்டு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட நகல் போதும்.