1862 பிரஷ்யத் தேர்தல் மக்கள் தீர்ப்பா?

கடலூர் சேகர்:
ஜெர்மன் முடியரசான பிரஷ்யாவில் 1862 மே மாதம் நடந்த தேர்தலை, பின்னாளில் ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க்கின் கதைக்கு முன்னுரையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது நியாயமில்லை. அரசர் முதலாம் வில்ஹெல்ம் படையைப் பெருக்கப் பணம் கேட்டார், மூன்று வருடக் கட்டாய ராணுவச் சேவையை விட்டுக்கொடுக்க மறுத்தார். செலவை இனம் இனமாகக் காட்டுங்கள் என்று கீழவை கேட்டதும் மார்ச்சில் அவையையே கலைத்தார். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அரசு ஊழியர்களுக்குச் சுற்றறிக்கையும் போனது. அப்படியும் தாராளவாதிகளின் முற்போக்குக் கட்சியும் அதன் தோழமைகளும் முன்பைவிடப் பலமாகத் திரும்பி வந்தார்கள். 352 இடங்களில் அரசரின் பழமைவாதிகள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள். இது மக்கள் தீர்ப்பு இல்லையா?

தேன்மொழி:
எந்த மக்கள், சேகர் சார்? பெண்களுக்கு வாக்கே இல்லை. 24 வயது நிரம்பிய ஆண்களையும் 1849 விதி மூன்று வகுப்பாகப் பிரித்தது. ஊரின் மொத்த நேர்முக வரியை மூன்று சம பங்காக்கி, முதல் பங்கைக் கட்டும் பெரும்புள்ளிகள் முதல் வகுப்பு. நூற்றுக்கு நான்கைந்து பேர் அதில், எண்பதுக்கு மேல் மூன்றாம் வகுப்பில். மூன்று வகுப்புக்கும் தேர்வாளர் எண்ணிக்கை ஒன்றே. அந்தத் தேர்வாளர்கள்தான் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். எஸ்ஸன் நகரில் ஒரு கட்டத்தில் ஆலை முதலாளி க்ரூப் ஒருவரே முதல் வகுப்பு முழுவதும்!

வாக்குப் பெட்டியும் கிடையாது. பெயரைக் கூப்பிட்டதும் மேசை முன் போய், யாருக்கு என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்வார்கள். பண்ணையாரின் ஆள் பக்கத்தில் நிற்கும்போது கூலிக்காரன் என்ன சொல்லுவான்? மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்தான் வந்தார்கள், அதில் வியப்பு ஒன்றுமில்லை.

கடலூர் சேகர்:
விதி மோசம், சரி. ஆனால் 1848 புரட்சிக்குப் பிறகு அரசர் தரப்பு தனக்குச் சாதகமாக வகுத்த விதி அது. அதிலேயே அரசர் தோற்றார் என்பதுதான் நான் சொல்வது. அரசுப் பதவியில் இருந்த நீதிபதிகள் பலர் எதிர்க்கட்சி உறுப்பினராக வந்தார்கள். செப்டம்பர் 23 அன்று படைச் செலவை 308க்கு 11 என்று அவை நிராகரித்தது. சும்மா கிடைத்த எண்ணிக்கையா அது?

மணல்மேடு:
அப்புறம் என்ன ஆனது? அதே மாதம் பிஸ்மார்க் பிரதமர் பதவிக்கு வந்தார், நான்கு வருடம் பட்ஜெட் ஒப்புதலே இல்லாமல் வரி வசூலித்தார். யாரால் தடுக்க முடிந்தது?

தேன்மொழி:
அதேதான். மூன்றாம் வகுப்பை வெளியே நிறுத்திவிட்டு அரசரோடு மோதினால் பின்னால் யார் வருவார்கள்? 1866 ஜூலை 3, கோனிக்கிராட்ஸ் போரில் பிரஷ்யாவிடம் ஆஸ்திரியா தோற்ற அதே நாள், மறுபடி தேர்தல். பழமைவாதிகள் ஏறக்குறைய 140 இடம் பிடித்தார்கள். செப்டம்பரில் பிஸ்மார்க்கின் சட்டமீறல் செலவுகளுக்கெல்லாம் அவையே மன்னிப்பு வழங்கியது, 230க்கு 75. மறுவருடம், பிரஷ்யா தலைமையில் அமைந்த வட ஜெர்மன் கூட்டமைப்பில் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தவர் பிஸ்மார்க். தாராளவாதிகள் செய்திருக்க வேண்டியது அது. பிரஷ்யாவிலோ மூன்று வகுப்பு முறை 1918 வரை ஓடியது.

கடலூர் சேகர்:
போர் வெற்றிக் கொண்டாட்டத்துக்கு நடுவிலும் 75 பேர் மன்னிக்க முடியாது என்று வாக்களித்தார்கள், தேன்மொழி. அவர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.