லிபியா 2011: வானத்திலிருந்து வந்த உதவி எதுவரை எட்டியது?

2011-இல் லிபியாவை ஆண்ட கடாபிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தபோது ஐ.நா. போட்ட பறப்புத் தடை என்றால் கடாபியின் விமானங்கள் எழும்பக்கூடாது, அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1973-ஆம் தீர்மானத்தை எடுத்துப் பாருங்கள். பறப்புத் தடை ஒரு பிரிவு. பொதுமக்களைக் காக்கத் "தேவையான எல்லா நடவடிக்கைகளும்" என்பது வேறு பிரிவு. டாங்கியையும் பீரங்கியையும் அடிக்க வழிவிட்டது இரண்டாவதுதான். ஆதரவு 10, எதிர்ப்பு எதுவுமில்லை. இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கின. இரண்டே நாளில், கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த பெங்காசி நகரின் வாசலில் நின்ற கடாபி படை வாகனங்களைப் பிரெஞ்சு விமானங்கள் நொறுக்கின. ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்த ஊர் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

*

பெங்காசி தப்பியது சரி, கிளர்ச்சியாளர்கள் அதற்கப்பால் ஏன் நிலையாக முன்னேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அஜ்தாபியா, பிரேகா, ராஸ் லனூஃப், பின் ஜவாத் எல்லாம் ஒரே கடற்கரைச் சாலையில் இருக்கின்றன. கிளர்ச்சியாளர்கள் பிக்கப் வண்டியில் விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு சாலையை விட்டு இறங்காமல் ஓடினார்கள். தெற்கே திறந்த பாலைவனம். அந்தப் பக்கத்தைக் காக்க ஆளில்லை. பெட்ரோலும் தோட்டாவும் பின்னாலிருந்து ஒழுங்காக வந்து சேராது. நாலு ராக்கெட் விழுந்தால் மொத்த வரிசையும் திரும்பிவிடும். மார்ச் கடைசியில் பின் ஜவாதைத் தாண்டியவர்கள் சில நாளில் அஜ்தாபியா பக்கம் வந்து நின்றது இப்படித்தான்.

இன்னொரு சிக்கல், கடாபி படையும் டாங்கியை ஒளித்துவிட்டு அதே மாதிரி பிக்கப்பில் வரத் தொடங்கியது. மேலே இருக்கும் விமானிக்கு யார் எவர் என்று எப்படித் தெரியும்? ஏப்ரல் 7 அன்று பிரேகா அருகே நேட்டோ (அமெரிக்க, ஐரோப்பிய நாடுகளின் ராணுவக் கூட்டணி) அடித்தது கிளர்ச்சியாளர்களின் டாங்கிகளையே. அவர்கள் டாங்கி ஓட்டுவார்கள் என்று நேட்டோ எதிர்பார்க்கவில்லை. அந்தப் பயத்தில்தான் வண்டிக் கூரைகளில் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சாயம் பூசினார்கள்.

*

கடாபி படை முற்றுகையிட்ட மிஸ்ராத்தா நகரை விட்டுவிடாதீர்கள். அந்த ஊரின் திரிப்போலி தெருவில் உயரக் கட்டடங்களில் கடாபியின் ஸ்னைப்பர்கள், அதாவது மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள். தெருச் சண்டையில் குண்டு போட்டால் குடும்பங்கள் சாகும். விமானத்தால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஊர்க்காரர்கள் மணல் நிரப்பிய லாரிகளாலும் கண்டெய்னர்களாலும் தெருவைக் குறுக்கே அடைத்தார்கள். மாடியில் இருந்தவனுக்குச் சோறும் தோட்டாவும் போகும் வழி அறுந்தது. துறைமுகம் கையில் இருந்ததால் மருந்து கப்பலில் வந்தது, காயம்பட்டவர்கள் அதில் போனார்கள். மேற்கே நஃபூசா மலைக்காரர்களுக்கு, ஏப்ரலில் பிடித்த வாசின் எல்லைச் சாவடி துனீசியாவுக்கான வாசல். ஆகஸ்ட் 20, ரமலான் நோன்பு திறந்த பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் தக்பீர் ("அல்லாஹு அக்பர்" முழக்கம்) எழுந்ததும் தலைநகர் திரிப்போலிக்குள்ளிருந்தே எழுச்சி தொடங்கியது.

*

தொடக்கத்தில் சொல்ல விட்டுப்போனது ஒன்று. அதே 1973-ஆம் தீர்மானம் எந்த வடிவிலும் அன்னிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்றது. லிபியர்கள் விரும்பியதும் அதுதான். "வெளிநாட்டுத் தலையீடு வேண்டாம், லிபிய மக்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று பெங்காசியில் பெரிய பதாகையே தொங்கியது. நியாயமான விருப்பம். ஆனால் கடாபியின் ஆயுதக் கிடங்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது வாசலில் காவலுக்கு நிற்க யாருமில்லை. கைக்கு எட்டியதைக் குழுக்கள் அள்ளின. கடாபிக்காகச் சண்டையிட்ட துவாரெக் (சஹாரா பாலைவன இனம்) வீரர்கள் ஆயுதங்களோடு மாலிக்குத் திரும்பினார்கள், 2012 ஜனவரியில் அங்கே போர். லிபியாவிலோ போராளிகளுக்கென்று அரசு சம்பளம் போட்டது. சண்டையிட்டவர்களைவிடப் பல மடங்கு பேர் பட்டியலில் ஏறினார்கள். 2013 மே மாதம் ஆயுதக்காரர்கள் அமைச்சகங்களைச் சுற்றி நிற்க, பழைய ஆட்சியில் பதவி வகித்தவர்களை விலக்கும் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நாட்டில் இரண்டு அரசுகள்.