காஃப் பாயா முக்கோணப் பாயா? 18 அடி பைபர் வள்ளத்துக்கு எது சரிவரும்

முட்டத்துக்காரன்:
அண்ணன்மாரே, வீட்டுல 18 அடி பைபர் வள்ளம் ஒண்ணு சும்மா கெடக்கு, இஞ்சின் போன வருசமே கைய விரிச்சிட்டு, புதுசு வாங்க மனசில்ல, ஞாயித்துக்கெழம ஓட்டிப் பாக்க பாய் கட்டலாம்னு இருக்கேன். யூடியூப்ல வெள்ளக்காரனுக நாலுமூலைப் பாய் கட்டி மேல சாஞ்ச கம்பு ஒண்ணு வச்சு ஓட்டுதானுக, காஃப்னு பேராம். பாக்க நம்ம பாட்டாமாரு பாய் கட்டுன பருமல் கம்பு மாதிரியேதான் இருக்கு. மத்தவனுகெல்லாம் ஒசந்த மரத்துல முக்கோணம். எதக் கட்ட?

குளச்சல் கப்பல்காரன்:
தம்பி, பருமல் வேற காஃப் வேற. பருமல் மரத்துக்கு முன்னயும் பின்னயும் நீட்டி நிக்கும், காஃப் கம்பு பின்னால மட்டும்தான், அடியில கவட்டை மாதிரி ரெண்டு கை மரத்தக் கட்டிப் பிடிச்சிருக்கும். நான் இங்கிலாந்துல ஒரு பழைய மரப்படகுல ரெண்டு சீசன் நின்னேன், கவட்டைக்குள்ள தோல் தச்சு கொழுப்பு தடவி வைப்போம், மறந்தா ராத்திரி பூரா கீச்சு கீச்சுனு கத்தும் தூங்கவே ஏலாது.

நல்லது என்னன்னா மரம் குட்டையா போதும், பாயோட இழுப்பும் தாழ நிக்கும், வள்ளம் ரொம்ப சாயாது, பக்கக்காத்துலயும் பின்காத்துலயும் நல்லா ஓடும். ஏத்துகயிறு ரெண்டு இருக்கும், கவட்டைக்கு ஒண்ணு கம்பு நுனிக்கு ஒண்ணு. திடீர்னு காத்து ஏறிச்சுன்னா நுனிக்கயிற மட்டும் விடு, மேல்பாதி மடிஞ்சு தொங்கிரும், வேகம் சட்டுனு கொறையும். கரை பிடிக்கும்போது இதோட அருமை தெரியும். ஏத்தும்போது நுனியிலேருந்து கீழ முன்மூலைக்கு ஒரு சுருக்கம் விழுற வரைக்கும் இழுக்கணும், காத்து நெறஞ்சதும் அது போயிரும். கவட்டையிலேருந்து பின்மூலைக்கு சுருக்கம் விழுந்தா நுனி இன்னும் தொங்குதுன்னு அர்த்தம்.

வல்வெட்டித்துறையில கட்டுன அன்னபூரணி கப்பல் 1938ல அமெரிக்கா வரைக்கும் போச்சுல்லா, அதுலயும் பின்மரத்துல காஃப் பாய் உண்டு.

சின்னமுட்டம் காத்து:
அதெல்லாம் சரி ஓய், எதிர்காத்துக்கு என்ன செய்வீரு? முக்கோணப் பாய் காத்துக்கு 45 டிகிரி வரைக்கும் ஏறும், காஃப் 50, 55னு நிக்கும், ஏன்னா மேல்கம்பு காத்துபக்கம் நிக்காம வெளிய சரிஞ்சு பாய் முறுக்கிரும். நேர் எதிர்ல 5 மைல் போகணும்னா 45ல எடமும் வலமுமா வெட்டி வெட்டி 7 மைல் ஓடணும், 55ல 8.7. கூடுதலா வர்ற அந்த ஒண்ணரை மைலுக்கு மேல துடுப்பு போட்டுப் பாரும் தெரியும். அமெரிக்கா கப் பந்தயத்துலயே 1920ல ரெண்டு படகும் காஃப், அடுத்தது 1930, ரெண்டும் முக்கோணம். காரணம் இல்லாமலா? போதாததுக்கு தலைக்கு மேல ஒரு கட்டை வேற, பின்காத்துல பாய் அடிச்சு மாறும்போது கூட வீசிட்டு வரும், மரத்துக்குப் பின்னால நெரந்தரமா கயிறு கட்டவும் அது விடாது.

மணக்குடி பாட்டா பேரன்:
ரெண்டு பேரும் பாயப் பத்தி மட்டும் பேசுதீங்க, வள்ளத்துக்கு அடி தட்டைல்லா? கீழ ஒண்ணுமே இல்ல. என்ன பாய் கட்டுனாலும் எதிர்காத்துல நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் போகும், 45ஆவது 55ஆவது. கட்டுமரத்துல எங்க பாட்டா ரெண்டு தடிக்கு நடுவுல பலகைய எறக்கி விடுவாரு, அந்த பலகை இல்லாம பாயத் தொடவே மாட்டாரு. மொதல்ல வெளிப்பக்கம் தொங்குற மாதிரி ரெண்டு பலகை செய்யி.

பொறவு கேட்டா நான் காஃப்னுதான் சொல்லுவேன். முக்கோணத்துக்கு 25 அடி மரம் தேடி எங்க போவ, காஃபுக்கு சவுக்குல குட்டை மரம், மேல்கம்புக்கு மூங்கில், கனம் இருக்காது, தலையில பட்டாலும் உசுரு நிக்கும். ஒடஞ்சா மறுநாளே மாத்திரலாம். மரத்தச் சாச்சு வள்ளத்துக்குள்ளயே போட்டு கரையேத்தவும் செய்யலாம். மொதல்ல காயல்ல ஓட்டிப் பழகு, கச்சான், அதான் தென்மேற்குக் காத்து அடிக்க காலத்துல கடல்ல எறக்காத, முப்பந்தல் காத்தாடி என்ன சுத்து சுத்துதுன்னு பாத்திருக்கல்லா.

முட்டத்துக்காரன்:
சரிண்ணே அப்பொ காஃப்தான். பலகை எவ்ளோ ஆழம் தண்ணிக்குள்ள நிக்கணும்? மரைன் பிளைவுட் 12 மில்லி கொஞ்சம் மிச்சம் கெடக்கு, ரெண்டு ஷீட்ட ஒட்டி எடுத்தாப் போதுமா, இல்ல தேக்கு வேணுமா?

மணக்குடி பாட்டா பேரன்:
பிளைவுட் போதும். ரெண்டரை அடி எறங்கட்டும், ஓரத்துக்கு பைபர் பூச மறந்துராத.