மூன்று மின்வழங்கிகளை வரிசை தவறாமல் ஏற்றி இறக்குவது எப்படி?

கேள்வி (பீளமேடு, கோவை)
வணக்கம். பல்லடம் பகுதி விசைத்தறிகளுக்காக நாங்கள் வடிவமைக்கும் கட்டுப்பாட்டு போர்டில், ஆர்ட்டிக்ஸ்-7 எஃப்பிஜிஏவுக்கு (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) வேண்டிய 1.0, 1.8, 3.3 வோல்ட் அழுத்தங்களை மூன்று பக் ரெகுலேட்டர்கள் (அழுத்தத்தைக் குறைத்துத் தரும் சுற்றுகள்) 24 வோல்ட்டிலிருந்து தருகின்றன. வெளியீடு சரியானதை அறிவிக்கும் ஒன்றின் பவர்குட் முனையை, அடுத்ததை இயக்கும் அதன் எனேபிள் முனையோடு கோத்திருப்பதால், ஏறும்போது வரிசை சரியாகவே அமைகிறது. கரண்ட் போகும்போதோ, 1.8 வோல்ட் முதலில் விழுந்துவிட, சுமை குறைந்த 3.3 வோல்ட் நெடுநேரம் நிற்கிறது. இதனால் சிப் கெடுமா? எப்படித் தடுப்பது?

பதில் 1 (ஈரோடு)
கெட வாய்ப்புண்டு. 3.3 வோல்ட் விசிசிஓ (உள்ளீட்டு-வெளியீட்டு முனைகளுக்கான மின்வழங்கல்), 1.8 வோல்ட் விசிசிஆக்ஸைவிட (சிப்பின் துணைச் சுற்றுகளுக்கான மின்வழங்கல்) 2.625 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து நிற்கும் நேரத்துக்கு இந்தச் சிப்பின் தரவுத்தாள் வரம்பு வைத்திருக்கிறது: சிப்பின் உள்வெப்பம் 85 டிகிரி செல்சியஸில் 800 மில்லிவினாடி, 125 டிகிரியில் 300 மட்டுமே. வெக்கை மிகுந்த தறிக்குடோனில் வரம்பு இப்படிச் சுருங்குவதை அவசியம் கணக்கில் கொள்ளுங்கள்.

பவர்குட் சங்கிலி ஏற்றத்தை மட்டுமே ஆளும். ரெகுலேட்டர் அணைந்த பின் ஒவ்வொரு மின்தேக்கியும் தன் சுமைக்கேற்பத்தான் வடியும். ஆகவே, எனேபிள் தாழ்ந்தவுடன் 3.3 வோல்ட்டைத் தரையோடு இணைக்கும் மாஸ்ஃபெட் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை 10 ஓம் மின்தடையுடன் சேருங்கள். மின்தேக்கி 100 மைக்ரோஃபாரட் என்றால் காலமாறிலி (அழுத்தம் சுமார் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) 1 மில்லிவினாடி. ஐந்தாவது மில்லிவினாடியில் ஏறக்குறைய முழுவதும் வடிந்திருக்கும். தொடக்கத்தில் 1 வாட்டைச் சற்றே தாண்டும் அந்தத் துடிப்பைத் தாங்கும் மின்தடையாக அது இருக்கட்டும். எனேபிள்களை எல்எம்3880 போன்ற சீக்வென்சரிடம் (வரிசைப்படி இயக்கி அணைக்கும் சிப்) ஒப்படைத்தால், ஏறிய வரிசைக்கு நேரெதிராக இறக்கிவிடும்.

பதில் 2 (கணபதி, கோவை)
ரெகுலேட்டரில் டிராக் முனை (வேறோர் அழுத்தத்தைப் பின்தொடரச் செய்வது) இருந்தால் வேறொரு வழியும் உண்டு. ரெகுலேட்டர் தன் வெளியீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும் உள் ஒப்பு அழுத்தம் 0.6 வோல்ட் எனில், 3.3 வோல்ட்டை மூன்றில் ஒன்றாகப் பகுத்து 1.8 வோல்ட் ரெகுலேட்டரின் டிராக் முனைக்குக் கொடுங்கள், இரண்டும் 1.8 வரை ஒன்றாகவே ஏறும், இறங்கும்போதும் அங்கிருந்து ஒன்றாகவே இறங்கும், இடைவெளி 1.5 வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் 1.0 வோல்ட் எப்போதும் முதலில் ஏற வேண்டும். இல்லையேல் தொடக்கத்தில் வெளியீட்டு முனைகள் மும்நிலையில் (உயர்வும் தாழ்வும் அல்லாத, துண்டித்த நிலையில்) இருக்கும் என்று நம்ப இயலாது.

பதில் 3 (திருப்பூர்)
மேற்சொன்ன இரண்டு வழிகளுக்கும், இறங்கி முடியும் வரை உள்ளீடு உயிரோடு இருக்க வேண்டும். 24 வோல்ட் 20க்குக் குறைந்ததும் எச்சரிக்கை எழுந்து, ரெகுலேட்டர்கள் 10 வோல்ட் வரை இயங்குவதாகக் கொண்டால், 6 வாட் சுமையை 20 மில்லிவினாடி தாங்க 800 மைக்ரோஃபாரட் தேவை. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி குறித்த அளவைவிட 20 சதவீதம் குறைவாகவும் இருக்கலாம், வெப்பத்தில் முதுமையும் அடையும் என்பதால், 1500 மைக்ரோஃபாரட் வைப்பதே என் பரிந்துரை.