வேர்ட்பிரஸ்: பிளாக் எடிட்டரிலிருந்து பழைய எடிட்டருக்குத் திரும்பிய அனுபவங்கள்

வலைத்தச்சன்:

பழைய எடிட்டருக்கு எப்படித் திரும்புவது என்று கரைவேட்டி கேட்டிருந்தார். வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில், 5.0 வெளியான 2018 டிசம்பர் 6 முதல் பிளாக் எடிட்டர்தான் (பத்தி, படம் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டமாக, அதாவது பிளாக்காக, வைக்கும் எடிட்டர்) தானாக வருகிறது. பழையது வேண்டுமென்றால் ‘கிளாசிக் எடிட்டர்’ என்ற பிளக்இன் (வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) போதும். ஒரே மாதிரிப் பெயரில் வேறு சிலவும் தேடலில் வரும். ஆசிரியர் இடத்தில் ‘வேர்ட்பிரஸ் கான்ட்ரிபியூட்டர்ஸ்’ என்று இருப்பதை மட்டும் நிறுவுங்கள்.

ஆக்டிவேட் செய்ததும் செட்டிங்ஸ், ரைட்டிங் பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு கேள்விகள் இருக்கும். எல்லாருக்கும் எந்த எடிட்டர் என்பது முதலாவது. எழுதுகிறவர்கள் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாமா என்பது இரண்டாவது. அதற்கு ‘நோ’ கொடுங்கள். ‘யெஸ்’ கொடுத்தால் பதிவுப் பட்டியலில் ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே இரண்டு எடிட் இணைப்புகள் வரும், கடைசியாக எதில் திறந்தோமோ அது அந்தப் பதிவுக்கு நினைவில் நிற்கும். நாலு பேர் எழுதும் தளத்தில் ஒரே கட்டுரை இரண்டுக்கும் இடையே போய்வந்து கெட்டுப்போவது இப்படித்தான்.

நிரலி:

கெட்டுப்போவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்தியைப் பழைய எடிட்டரில் நடுவே நிறுத்தினால் அந்தப் பத்தியின் எச்டிஎம்எல்லில் (பக்கத்தின் பின்னால் இருக்கும் குறியீட்டில்) நேரடியாக ஸ்டைலாக எழுதிவிடும். பிளாக் எடிட்டர் அதே வேலைக்கு ஒரு கிளாஸ் பெயரை (தோற்றத்தைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) எதிர்பார்க்கிறது. திரும்ப அதில் திறக்கும்போது, சேமித்த எச்டிஎம்எல்லையும் தான் உருவாக்கியிருக்க வேண்டிய எச்டிஎம்எல்லையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் ‘எதிர்பாராத உள்ளடக்கம்’ என்று எச்சரிக்கும். அங்கே மீட்பு பொத்தானை அழுத்தினால் நீங்கள் செய்த ஒழுங்கமைப்பு போகக்கூடும். அழுத்தும் முன் அந்தப் பதிவின் ரிவிஷனை (முன்பு சேமித்த வடிவங்களை) பாருங்கள்.

அஞ்சறைப்பெட்டி:

பிளக்இன் போடுவது இரண்டு நிமிட வேலைதான். உண்மையான வேலை, ஏற்கெனவே பிளாக்கில் எழுதி வைத்த பதிவுகளில் இருக்கிறது. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை.

அப்படி ஒரு பதிவைத் திறந்து, விஷுவலுக்குப் பக்கத்து டேப்பில் எச்டிஎம்எல்லைப் பாருங்கள். ஒவ்வொரு பத்திக்கும் மேலே <!-- டபிள்யூபி:பாராகிராஃப் --> என்றும், கீழே சாய்கோட்டோடு <!-- /டபிள்யூபி:பாராகிராஃப் --> என்றும் ஒரு குறிப்பு நிற்கும் (அங்கே ஆங்கில எழுத்தில் இருக்கும்). விஷுவலில் இவை கண்ணுக்குத் தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்: பதிவில் இந்தக் குறிப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும், வரி விட்டால் பத்தியாக்கித் தரும் வேர்ட்பிரஸின் பழைய வசதி அந்தப் பதிவுக்கு வேலை செய்யாது. எச்டிஎம்எல் டேப்பில் வெறுமனே என்டர் தட்டி எழுதிய நாலு பத்திகள் தளத்தில் ஒரே பத்தியாக ஒட்டிக்கொள்ளும். தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) கோளாறு என்று நினைத்து, தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை நோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆகவே ஒரு பதிவைச் சுத்தம் செய்தால் முழுக்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விஷுவலில் மட்டும் திருத்துங்கள். பாதி அழித்தால் பயனில்லை. பழையதைப் பிளாக்காக்க ‘கன்வர்ட் டு பிளாக்ஸ்’ பொத்தான் உண்டு, எதிர்த்திசைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

எத்தனை பதிவுகள் இப்படி இருக்கின்றன என்று பார்க்க, பதிவுப் பட்டியலின் தேடல் பெட்டியில் அந்த ‘டபிள்யூபி:பாராகிராஃப்’ என்பதையே ஆங்கிலத்தில் (wp:paragraph) தட்டுங்கள். தேடல் உள்ளடக்கத்துக்குள்ளும் பார்ப்பதால் பட்டியல் வந்துவிடும்.

நிரலி:

அழிக்கும் முன் இன்னொன்று. சாய்கோட்டோடு தானே மூடிக்கொள்ளும் ஒற்றை வரிக் குறிப்புகளும் உண்டு. அண்மைப் பதிவுகள் பட்டியல், பல பக்கங்களில் பகிரும் பிளாக் (6.3-இலிருந்து ‘சிங்க்டு பேட்டர்ன்’ என்கிறார்கள்) போன்றவை. இவற்றில் உள்ளடக்கம் அங்கே கிடையாது, பகிரும் பிளாக்கென்றால் ஓர் எண் மட்டும் இருக்கும். விஷுவலில் காலியாகத் தெரியும். ‘வெற்று வரிதானே’ என்று அழித்தால் தளத்தில் அந்தப் பகுதியே காணாமல் போகும். முதலில் அந்தப் பக்கத்தைத் தளத்தில் திறந்து, அங்கே என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதைச் சாதாரண எழுத்தாகப் பதிவில் ஒட்டிவிட்டு, பிறகு குறிப்பை எடுங்கள்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் கையால் முடியாது. வேர்ட்பிரஸ் கமாண்ட் லைன் கருவியில் (கட்டளைகளைத் தட்டி இயக்குவது) தேடி மாற்றும் ‘சர்ச்-ரிப்ளேஸ்’ கட்டளை ரெஜெக்ஸ் (ஒரே வடிவில் உள்ள எழுத்துத் தொடர்களைப் பிடிக்கும் குறிமுறை) ஏற்கும். டேட்டாபேஸில் பதிவு அட்டவணையின் உள்ளடக்க நெடுவரிசைக்கு மட்டும் வரம்பு வைத்து, ‘டிரை-ரன்’ (எதையும் மாற்றாத ஒத்திகை) போட்டு எண்ணிக்கை சரியா என்று பார்த்த பிறகே நிஜமாக ஓட்டுங்கள். டேட்டாபேஸ் பேக்கப் கட்டாயம். இந்தக் கட்டளை டேட்டாபேஸை நேரடியாக மாற்றுவதால் ரிவிஷனில் தடம் இருக்காது.

கரைவேட்டி:

நன்றி. விட்ஜெட் (பக்கவாட்டிலும் அடியிலும் வைக்கும் சிறு பெட்டிகள்) பக்கம் மட்டும் இன்னும் பிளாக்காகவே வருகிறதே, ஏன்?

வலைத்தச்சன்:

அது தனி. 2021 ஜூலையில் வந்த 5.8-இல்தான் விட்ஜெட்டுகள் பிளாக்குக்கு மாறின. ‘கிளாசிக் விட்ஜெட்ஸ்’ என்று வேறொரு பிளக்இன் இருக்கிறது, அதையும் போடுங்கள். ட்வென்டி ட்வென்டி-டூ போன்ற பிளாக் தீம் வைத்திருந்தால், முழுத் தளத்தையும் பிளாக்குகளாக வடிவமைக்கும் சைட் எடிட்டர் அப்படியேதான் இருக்கும், அதை இரண்டு பிளக்இன்களும் தொடாது.

இன்னொரு எச்சரிக்கை. வேகம் கூட்டுகிறேன் என்று பிளாக் சிஎஸ்எஸ் கோப்பை நிறுத்தும் குறிப்புகள் நிறையச் சுற்றுகின்றன. பழைய பதிவுகளில் ‘காலம்ஸ்’ (உள்ளடக்கத்தை அருகருகே நெடுவரிசைகளாக வைப்பது), கேலரி பிளாக்குகள் இருந்தால் அவை அந்தக் கோப்பை நம்பித்தான் நிற்கின்றன. நிறுத்தினால் அருகருகே இருந்த படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக விழும்.

அஞ்சறைப்பெட்டி:

‘பப்ளிஷிங் ஃபெயில்டு, ஜேசான் செல்லாது’ என்ற செய்தியால் வெறுத்துப் போய் எடிட்டரை மாற்றுகிறவர்கள் முதலில் செட்டிங்ஸில் உள்ள பெர்மாலிங்க்ஸ் (பதிவு முகவரிகளின் அமைப்பு) பக்கத்தில் எதையும் மாற்றாமல் ஒருமுறை சேவ் கொடுத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் டூல்ஸ் மெனுவில் ‘சைட் ஹெல்த்’ பாருங்கள். பிளாக் எடிட்டர் சேமிக்கப் பயன்படுத்தும் வழியான ரெஸ்ட் ஏபிஐ தடைபட்டிருந்தால் அங்கே சொல்லும். பெரும்பாலும் பாதுகாப்பு பிளக்இன் அல்லது சர்வர் ஃபயர்வால் தடுத்திருக்கும். பழைய எடிட்டர் அந்த வழியைப் பயன்படுத்தாததால் சேவ் ஆகிவிடும், தடை அப்படியே இருக்கும், பிறகு வேறு ஏதாவது பிளக்இன் அதே இடத்தில் நிற்கும்.